ஒரு ஆள் காற்று, ரெண்டு ஆள் காற்று

தெமோதரையில் படகு கிடையாது. பதுளு ஓயா இருக்கிறது, ஆனால் அது பாறைக்குப் பாறை இடித்துக்கொண்டு ஓடுகிற ஆறு. நாங்கள் சின்ன வயசில் ஓட்டியதெல்லாம் லயத்துக் கானில் கொப்பித்தாள் கப்பல்தான். மழை விட்டதும் பந்தயம், மதகு வரைக்கும். அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. நடுக்கானில் விட்டால் வேகம், ஓரத்தில் விட்டால் புல்லில் மாட்டிக்கும்.

ஆற்றில் சின்னப் பாய்மரப் படகுப் பந்தயம் ஓட்டுகிறவர்களின் முதல் பாடமும் இதுதான். ஓட்டத்தோடு போகும்போது நடு ஆறு, ஓட்டத்தை எதிர்த்து வரும்போது கரையோரம். வளைவில் வெளிப்பக்கம் தண்ணீர் வேகம், உட்பக்கம் மந்தம். இது எங்களுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தது காற்று.

எந்தப் பாய்மரமும் காற்று வரும் திசைக்கு நேராகப் போகாது. கிட்டத்தட்ட 45 பாகை சாய்ந்து ஒரு பக்கம் ஓடி, திரும்பி, மறுபக்கம் ஓடி, வளைந்து வளைந்துதான் மேலே ஏற வேண்டும். எங்கள் மலைப் பாதை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் போய்விடும். ஆகவே எங்கே திரும்புவது, எத்தனை தரம் திரும்புவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. எதிராளிக்குக் காற்று வரும் பக்கம் போய் நின்று, அவனுடைய காற்றை உங்கள் பாயால் மறைக்கிற குறும்பும் உண்டு.

நீர்கொழும்பு மீனவர்களின் 'ஒருவ' என்ற படகில் இந்தத் திருப்பம் விசித்திரமானது. ஒடுங்கிய உடல், பக்கத்தில் இரண்டு கொம்புகளால் இணைத்த ஒரு மிதவைக் கட்டை. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் படகைத் திருப்புவதே இல்லை. பாயை மறுமுனைக்கு மாற்றினால் பின்பக்கம் முன்பக்கம் ஆகிவிடும், அவ்வளவுதான். காற்று பலத்தால் மிதவை மேலே கிளம்பும். உடனே ஓர் ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொம்பில் ஏறிப் போய் அதை அமுக்குவார். போதாவிட்டால் இன்னொருவர். 19ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் இதைப் பார்த்து அதிசயப்பட்டு எழுதிவைத்தார்கள்: இங்கே காற்றை 'ஒரு ஆள் காற்று, ரெண்டு ஆள் காற்று' என்று அளக்கிறார்கள் என்று. பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணியே பழகிய எங்களுக்கு, ஆளை வைத்துக் காற்றை எண்ணுவது கேட்கப் பிடித்திருந்தது.

அக்கரையில், பாக்கு நீரிணையின் தமிழ்நாட்டுக் கரையோரம் 'வத்தை' என்று ஒரு படகு. அதில் மிதவை கிடையாது. படகுக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகை, காற்று வரும் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்கள் அதில் ஏறி நின்று படகைச் சமன் செய்வார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இந்தச் சமநிலைப் பலகையைத் தனியாகக் குறித்திருக்கிறார். வத்தை திரும்பும்போது பலகையும் மறுபக்கம் மாற வேண்டும், ஆட்களும் மாற வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் எல்லாரும் தண்ணீரில். தொண்டி, நம்புதாளைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு இன்றைக்கும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. மீன்பிடிக்க இயந்திரம் வந்தாச்சு, பந்தயத்துக்கு மட்டும் பாய்.

தொண்டி என்றதும் எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு வெகு காலம் முந்தியே எங்கள் ஆட்களில் பலர் அந்தக் கரையோரத் துறைகளிலிருந்து பாய்மரத் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக நடந்து மலையேறினார்கள். 2023இல், மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம் போனபோது அந்த நடையைப் பற்றி நிறையப் பேசினோம். கடலைப் பற்றி ஒரு வரி, "தோணியில் வந்தார்கள்" என்று. பாடத்திலும் அவ்வளவுதான். அந்தத் தோணியும் எதிர்காற்றில் வளைந்து வளைந்துதான் வந்திருக்கும், எந்தப் பக்கம் எப்போது திரும்புவது என்று யாரோ தீர்மானித்திருப்பார்கள் என்றெல்லாம் நாங்கள் யோசித்ததே இல்லை.

காற்று ஒன்றும் எங்களுக்கு அந்நியமில்லை. தென்மேற்குப் பருவக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு ஊவாவுக்குக் காய்ந்து வரும். ஜூலை தொடங்கி செப்டம்பர் வரைக்கும் எங்கள் தேயிலைக்கு விலை ஏறுவது அந்தக் காற்றின் வாசத்தால்தான். அதே காற்றில்தான் மேற்குக் கரையில் மிதவைக் கட்டை கிளம்புகிறது.

இதை எழுதும்போது எங்கள் லயத்தில் ஒரு பாட்டியிடம் கேட்டோம். தோணியில் வந்தது அவருடைய பாட்டி. எந்தத் துறை, எந்த மாதம், ஒன்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "நடுவுல உக்காரு, அசையாதேன்னு அதட்டிக்கிட்டே வந்தாங்களாம். கால் மரத்துப்போய் எறங்குறப்ப நிக்க முடியலையாம்."