இசட் போட்ட பஸ்ஸும் பத்தொன்பது சீட்டும்

ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்விகள் மூன்று. நல்ல ஃபில்டர் காபி எங்கே கிடைக்கும், பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா, இந்த ஊர் கவர்ன்மென்ட் பஸ் நம்பரில் எல்லாம் ஏன் இசட் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயில் பக்கம் போய் விசாரித்தால் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதுக்குத்தான் இந்தப் பதிவு.

பழைய வண்டிகளில் ஏபி 9 இசட், ஏபி 28 இசட் என்று பார்த்திருப்பீர்கள். தெலங்கானா தனியாக வந்த பிறகு டிஎஸ் 08 இசட். ஆட்சி மாறியது, மாநிலம் மாறியது, முன்னால் இருக்கும் எழுத்தும் மாறியது, இசட் மட்டும் அசையவில்லை. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் தன் தாயார் ஜஹ்ரா பேகத்தின் நினைவாக வைத்த எழுத்து என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள். தாயார் பெயரிலேயே பஸ்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று விரும்பினாராம், முழுப் பெயரும் சரிப்படாது என்று அதிகாரிகள் சொன்னதால் முதல் எழுத்தோடு நின்றாராம். ஆர்டிசி ஊழியர்களைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள்.

எனக்கு அந்த எழுத்தைவிட, அது முதலில் ஒட்டியிருந்த பஸ்ஸின் மேல்தான் ஆர்வம். ஆர்டிசி கிராஸ் ரோட்ஸ் பக்கத்தில் இருக்கும் பஸ் பவனில் 'டெக்கான் குயின்' என்று ஒரு பழைய பஸ்ஸை வைத்திருக்கிறார்கள். 1932ஆம் வருடத்து ஆல்பியன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் ஸ்காட்ஸ்டனில் செய்தது. பஸ் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள், பள்ளிக்கூட வேன் அளவுதான். மொத்தம் 19 சீட்.

இவ்வளவு சின்ன பஸ்ஸை ஏன் வாங்கினார்கள்? நிஜாமிடம் பணமில்லையா? உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று 1937ல் டைம் பத்திரிகை அட்டையில் போட்ட ஆள் அவர். அதனால் காரணம் பணமில்லை, கணக்கு. பேங்க்காரன் புத்தி எங்கே போகும்!

1932 ஜூனில் இந்த பஸ்களை ஆரம்பித்தது தனியாக ஒரு பஸ் கம்பெனி இல்லை, நிஜாம் ஸ்டேட் ரயில்வே. ரயில்வேக்குள்ளேயே ரோடு டிரான்ஸ்போர்ட் என்று ஒரு டிபார்ட்மென்ட் போட்டார்கள். 27 பஸ்கள், 166 ஊழியர்கள், முதலீடு 3 லட்சத்து 93 ஆயிரம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு பஸ்ஸுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். சென்னை ராஜதானி அரசு 30 பஸ்களோடு சொந்தமாக பஸ் ஓட்ட ஆரம்பித்தது 1947ல்தான். அதுவரை மெட்ராஸில் பிரைவேட் பஸ்ஸும் டிராமும்தான். நம்ம ஊருக்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே இங்கே அரசாங்க பஸ் ஓடியிருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, இந்த ஒரு விஷயத்தில் நிஜாமுக்கு ஒரு சலாம் போடலாம்.

ரயில்வேக்கு பஸ் எதற்கு? அந்தக் காலகட்டத்தில் உலகம் முழுக்க ரயில் கம்பெனிகளுக்கு பஸ் என்றால் வயிற்றெரிச்சல். தண்டவாளத்துக்கு இணையாக ரோடு, ரோட்டில் பிரைவேட் பஸ். பத்து இருபது மைல் போகிறவர்கள் எல்லாம் வீட்டு வாசலிலேயே பஸ் ஏறிப் போய்விட்டார்கள். பிரிட்டனில் ரயில் கம்பெனிகள் 1928லேயே சட்டம் போடவைத்து, தாங்களும் ரோட்டில் இறங்க அனுமதி வாங்கின. பிரிட்டிஷ் இந்தியாவில் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் இதே பிரச்சினையை ஊர் ஊராக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள், அது 1933ல் வெளியானது. நிஜாம் ரயில்வே அதற்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட்டது. ரயிலும் நம்முடையது, பஸ்ஸும் நம்முடையது என்றால் போட்டி எங்கே? பின்னால் 1945ல் டாடாவோடு சேர்ந்து டெக்கான் ஏர்வேஸ் ஆரம்பித்து ஆகாயத்தையும் விட்டுவைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் 19 சீட்டின் ரகசியம் இருக்கிறது. பெரிய பஸ்ஸோ சின்ன பஸ்ஸோ, டிரைவர் ஒருவர், கண்டக்டர் ஒருவர். அந்த இரண்டு சம்பளத்தை 50 சீட்டால் வகுப்பதற்கும் 19 சீட்டால் வகுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! சின்ன பஸ்ஸைத் தனிக் கணக்காகப் பார்த்தால் எப்போதும் கையைக் கடிக்கும். ஆனால் அந்த பஸ் ஒரு சின்ன ஊரிலிருந்து பத்து பேரை ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கினால், அந்தப் பத்து பேரும் அங்கிருந்து வாங்கும் ரயில் டிக்கெட் பணம் அதே முதலாளியின் கல்லாவில்தான் விழும். பஸ் கணக்கில் நஷ்டம், ரயில் கணக்கில் லாபம், மொத்தத்தில் சரி.

பேங்க்கில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். காலேஜுக்குள்ளும் ஆஸ்பத்திரிக்குள்ளும் எக்ஸ்டென்ஷன் கவுன்டர் என்று இரண்டு பேரை உட்கார வைத்திருப்போமே, அதேதான். கவுன்டரைத் தனியாகப் பார்த்தால் வாடகைக்கும் சம்பளத்துக்குமே காணாது. ஆனால் அதன் டெபாசிட் பேஸ் பிராஞ்ச்சில் ஏறும். கவுன்டரை மூடச் சொல்லி எழுதுகிறவர்கள் எப்போதும் பேஸ் பிராஞ்ச் புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர்கள். (இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கடுப்பு உண்டு, அது வேறு கதை.)

அமெரிக்காவிலும் 1930களில் சின்ன பஸ் மோகம் இருந்தது. டெட்ராய்ட் நகர நிர்வாகம் ஃபோர்டு கம்பெனியின் 25, 27 சீட் பஸ்களை ஏராளமாக வாங்கியது. அங்கே ரயில் முதலாளி கிடையாது, அதனால் சம்பளத்தில் கைவைத்தார்கள். கண்டக்டரை எடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து, ஏறுகிறவர்களே காசு போடும்படி செய்தார்கள். ஒரு சம்பளம் மிச்சம். போருக்குப் பிறகு அந்த ஒரு டிரைவரின் சம்பளமும் ஏறியபோது, அதே டிரைவரைப் பெரிய டீசல் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள். நம்ம பக்கம் கண்டக்டரை எடுப்பது நடக்கிற காரியமா? சில்லறை யார் கொடுப்பது, படிக்கட்டில் தொங்குபவரை யார் திட்டுவது?

ஹைதராபாத்தில் திருப்பம் வந்தது 1951 நவம்பரில். 1948ல் போலீஸ் ஆக்ஷன் முடிந்து சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தாயிற்று. 1951 நவம்பர் 1ஆம் தேதி பஸ் டிபார்ட்மென்ட் ஹைதராபாத் மாநில அரசிடம் போனது. நான்கே நாள் கழித்து, நவம்பர் 5ஆம் தேதி, நிஜாம் ஸ்டேட் ரயில்வே மத்திய அரசின் சென்ட்ரல் ரயில்வேயில் சேர்க்கப்பட்டது. ஒரே வாரத்தில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. பஸ் ஏற்றிவிடும் பயணியின் காசு இனி டெல்லிக் கணக்கில். பஸ்ஸுக்குத் தன் டிக்கெட் மட்டும்தான். பிரிவினையைத் தப்பென்று சொல்லமாட்டேன், சமஸ்தானத்து ரயிலைத் தனியாக விட்டுவைத்திருக்க முடியாது. ஆனால் சின்ன பஸ்ஸுக்கு இருந்த நியாயம் அந்த வாரத்தில் பேப்பரிலிருந்து காணாமல் போனது. 1958 ஜனவரி 11ஆம் தேதி ஏபிஎஸ்ஆர்டிசி கார்ப்பரேஷன் ஆனபோது அது முழுக்க முழுக்க பஸ் கணக்கு. சீட் அதிகம், செலவு குறைவு. 1940களிலேயே நிஜாம் காலத்தில் வந்த டபுள் டெக்கர்கள் 2000களின் தொடக்கம் வரை செகந்திராபாத்திலிருந்து ஜூ பார்க் வரை 7 இசட் என்று ஓடியதை இங்கே பழைய ஆட்கள் கண்ணில் நீர் வர நினைத்துக்கொள்வார்கள். 19 சீட் ஆல்பியனுக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

பெரிய பஸ் நுழைய முடியாத பழைய ஹைதராபாத் சந்துகளுக்கு என்ன வழி? அதற்கு வந்தது செட்வின். 1978ல் இரட்டை நகரத்து வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு ஆரம்பித்த அமைப்பு. அதன் பெயரில் மினி பஸ்கள் ஓடின. படியில் ஒரு பையன் தொங்கிக்கொண்டு சார்மினார், அஃப்சல்கஞ்ச் என்று கூவிக்கொண்டே போவான். அதன் சூட்சுமமும் சம்பளம்தான். ஆர்டிசி சம்பளம் கிடையாது, ஓட்டினால் காசு. மெல்ல மெல்ல அந்த வண்டிகளும் குறைந்து, அவை ஓடிய இடத்தை ஷேர் ஆட்டோக்கள் பிடித்துக்கொண்டன. ஷேர் ஆட்டோவும் ஒரு வகையில் சின்ன பஸ்தானே! டிக்கெட் இல்லை, நேரம் இல்லை, பாஸ் செல்லாது, இரவு எட்டு மணிக்கு மேல் நம் வீட்டுப் பெண்கள் தனியாக ஏறத் தயங்குவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம சென்னையில் 2013 அக்டோபரில் ஐம்பது சிற்றுந்துகளோடு ஆரம்பித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் வரைந்திருந்த பச்சை இலைகள் கட்சிச் சின்னமா வெறும் இலையா என்று கோர்ட் வரை போன சண்டைதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். பஸ் எந்தத் தெருவுக்குள் போனது என்று கேட்டால் அந்தத் தெருக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பின்னால் அதே சிற்றுந்துகளில் சிலவற்றை மெட்ரோ ஸ்டேஷன்களுக்கு இணைப்பாக ஓட்டினார்கள். சுற்றிச் சுற்றி 1932க்கே வந்துவிட்டோம் பாருங்கள். ரயிலுக்கு ஆள் கொண்டுவரும் சின்ன பஸ்! ஆனால் மெட்ரோ ஒரு புத்தகம், எம்டிசி இன்னொரு புத்தகம்.

இங்கேயும் அதே கதை. 2017 நவம்பரில் ஹைதராபாத் மெட்ரோ திறந்த நாளிலிருந்து எங்கள் ஆபீஸ் லஞ்ச் டேபிளில் ஒரே புலம்பல். ரயில் இருபது நிமிஷத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகத்தான் ஆட்டோக்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கிளை பஸ் ஓட்டினால் நஷ்டம் ஆர்டிசிக்கு, லாபம் மெட்ரோவுக்கு. இரண்டையும் ஒரே பேலன்ஸ் ஷீட்டில் போடும் தைரியம் வந்தால் அந்த 19 சீட் பஸ் நாளைக்கே திரும்பி வரும் என்பது என் கட்சி.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. ஆல்பியன் கம்பெனியை 1951ல் லேலண்ட் வாங்கிவிட்டது. அதே லேலண்டின் உறவில் எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. ஆல்பியன் தன் வண்டிகளுக்கு வைத்த பெயர்களில் ஒன்று வைக்கிங். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் எத்தனை பஸ்ஸில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறோம்! 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்துக்குத் திரும்பி வந்த டபுள் டெக்கர்கள்கூட ஸ்விட்ச் மொபிலிட்டி செய்த எலக்ட்ரிக் வண்டிகள், அதுவும் அசோக் லேலண்ட் வீட்டுப் பிள்ளைதான். ஸ்காட்ஸ்டனிலிருந்து எண்ணூர் வழியாக டேங்க் பண்ட் வரை ஒரே வம்சம்.

டெக்கான் குயினைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜேபிஎஸ் – எம்ஜிபிஎஸ் லைனில் ஆர்டிசி கிராஸ் ரோட்ஸ் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து பஸ் பவன் நடக்கிற தூரம்தான், கிளை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.