உடம்புக்கேற்ற உடுப்பு

தையல்காரர் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்த காலத்தில், உடம்பு எப்படியோ துணியும் அப்படியே வெட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அமெரிக்கப் பெண்களின் உடுப்பு வேகமாகத் தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டிருந்தது. மார்பளவு 36 அங்குலம் என்பதே லட்சிய உருவம். அதைவிடப் பருத்தவர்கள் கடை கடையாக ஏறி வெறுங்கையோடு திரும்பினார்கள். குறை வெட்டிய துணியில் இருந்தது. பழியோ உடம்பின் மேல் விழுந்தது.

அந்தப் பழியைத் துடைக்க முதலில் கை வைத்தவர் லீனா பிரையன்ட் என்ற தையற்காரப் பெண். 1879-ல் லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் தகப்பனை இழந்து, 1895-ல் நியூயார்க் வந்து, தையல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நகை வியாபாரியான கணவர், மகன் பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிட, கைக்குழந்தையோடு நின்ற லீனா வைரக் கம்மலை அடகு வைத்துத் தையல் மிஷின் வாங்கினார். 1904-ல் ஐந்தாம் அவென்யூவில் கடை. வங்கிக் கணக்கில் எழுத்து இடம் மாறி ‘லேன்’ என்று பதிவானது. கடைக்கும் அதுவே பெயராக நிலைத்தது: லேன் பிரையன்ட்.

முதல் வெற்றி கர்ப்பிணிகளுக்கான கவுன். இடுப்பில் எலாஸ்டிக், அதற்குக் கீழே விசிறி மடிப்பு. மாதம் ஏற ஏற வயிற்றோடு சேர்ந்து உடுப்பும் விரிந்து கொடுக்கும். பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலைகாட்டுவதே கூச்சம் என்றிருந்த ஊரில், இதற்கு விளம்பரம் போடப் பத்திரிகைகள் மறுத்தன. 1911-ல் நியூயார்க் ஹெரால்டு துணிந்து போட்டது. மறுநாளே சரக்கு காலி.

1909-ல் லீனா மறுமணம் செய்துகொண்ட ஆல்பர்ட் மால்சின் ஒரு இன்ஜினியர். பருமனான பெண்களுக்கு என்ன தேவை என்று ஊகிக்காமல் அளந்து பார்த்தார் அவர். உடம்பின் வளைவோடு வளையும் அளவுகோல் ஒன்றைச் செய்து, 4,500 வாடிக்கையாளர்களின் அளவைக் குறித்தார். காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்த சுமார் 2,00,000 பெண்களின் விவரங்களையும் வாங்கிச் சேர்த்தார். பருமன் ஒரே வார்ப்பு அல்ல என்பது தெளிவானது. ஒருத்திக்கு மார்பு பெருத்திருக்கும், இன்னொருத்திக்கு இடுப்பு, வேறொருத்திக்கு உடம்பு முழுக்க ஒரே சீராக. சின்ன அளவு கவுனை நாலாபக்கமும் ஊதிப் பெரிதாக்கினால் தோள் தொங்கும், கை இறுக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனியாக வெட்ட வேண்டும். 1923 வாக்கில் நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 50 லட்சம் டாலர். அதில் கர்ப்பிணி உடுப்பைப் பருமனானவர்களுக்கான உடுப்பு முந்தியிருந்தது.

தபால் விற்பனைதான் பலருக்குப் பெரிய ஆறுதல். கடைக்காரப் பெண்ணின் பார்வைக்குக் கூசாமல், வீட்டில் உட்கார்ந்தபடி கேட்லாக்கைப் புரட்டித் தேர்ந்தெடுக்கலாம். விபத்தில் துணிமணியை இழந்த வாடிக்கையாளருக்குப் புதுத் துணி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 1947-ல் டெக்சாஸ் சிட்டி வெடிவிபத்துக்குப் பிறகு 58 பேருக்கு அப்படிக் கொடுத்தார்கள்.

ஆனாலும் அந்தக் காலத்து விளம்பரங்களைப் படித்தால் மனம் வலிக்கிறது. மெலிந்து காட்டும் வெட்டு, நெடுக்குக் கோடுகள்: உடுப்பு உடம்புக்குப் பொருந்தியது, பேச்சு மட்டும் உடம்பை மறைப்பதிலேயே நின்றது.

அந்தப் பேச்சைத் தெருவிலேயே எதிர்த்தது 1967. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 500 பேர் கூடி, வயிறாரச் சாப்பிட்டு, டயட் புத்தகங்களையும் ஒல்லி மாடல் ட்விக்கியின் படத்தையும் கொளுத்தினார்கள். 1969-ல் பருமனானவர்களின் உரிமைக்கென்றே ஒரு தேசிய அமைப்பு உருவானது. மனைவி படும் அவமானத்தைப் பொறுக்காத பில் ஃபேப்ரி என்ற இன்ஜினியர் தொடங்கியது அது.

துணிக்கடைகள் மெதுவாகத்தான் அசைந்தன. பெரிய அளவு நீச்சலுடை என்றாலே கறுப்பு நிறம், தொடையை மூடும் குட்டைப் பாவாடை என்பதே வெகுகாலம் வழக்கம். 2012-ல் கேபி கிரெக் என்ற ஃபேஷன் எழுத்தாளர் பிகினி அணிந்து எடுத்த படங்களை வெளியிட்டார். அவரைப் பார்த்து மற்ற பெண்களும் தங்கள் படங்களைத் தந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் ஒரு நீச்சலுடை நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த வரிசையில், விண்மீன் கூட்டத்தை அச்சிட்ட பிகினி ஒன்று இருந்தது. வயிறு தெரிய, பாவாடை மடிப்பு எதுவும் இல்லாமல் தைத்திருந்த அதை, வாங்க வந்தவர்கள் சீக்கிரமே தீர்த்துவிட்டார்கள்.