எடுத்தபின் எஞ்சும் மூச்சு

1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அறுவை மருத்துவர் எவர்ட்ஸ் கிரகாம், புற்றுநோய் கண்டிருந்த ஒருவரின் இடது நுரையீரலை முழுவதுமாக எடுத்தார். அந்த நோயாளி அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒற்றை நுரையீரலோடு வாழலாம் என்பது உறுதியாயிற்று. யாரால் வாழ முடியும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் அப்போது வழியில்லை. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846-இலேயே ஸ்பைரோமீட்டரை விவரித்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூச்சை அளந்திருந்தார். ஆனால் அந்தக் கருவி இரண்டு நுரையீரல்களின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். எடுக்கப்போகும் பகுதியின் பங்கு எவ்வளவு, எடுத்தபின் எஞ்சுவது எவ்வளவு என்று கேட்கத் தொடங்கியபோதுதான் நுரையீரல் அறுவைத் துறை முதிர்ந்தது என்பேன்.

அப்படிக் கேட்க வைத்ததில் காசநோய்க்குப் பெரும் பங்குண்டு; அதன் சிகிச்சைக்கு முன் எந்தப் பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய வேண்டியிருந்தது. ஸ்வீடனில் ஜேகோபியஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1932-இல் இரு நுரையீரல்களின் மூச்சையும் தனித்தனியே அளந்தார்கள். 1949-இல் கார்லென்ஸ் இந்த அளவீட்டுக்கென்றே இரட்டைத் துளைக் குழாய் ஒன்றைச் செய்தார். ஒரு பக்க நுரையீரலை மட்டும் இயங்கவிட மயக்க மருத்துவர்கள் இன்று பயன்படுத்தும் குழாய்க்கு அதுவே முன்னோடி. விழித்திருப்பவரின் மூச்சுக்குழாய்க்குள் அதை இறக்குவது நோயாளிக்குப் பெரும் வேதனை. அந்த வேதனை இல்லாமல் கதிரியக்க ஜெனான் வாயு கொண்டே பங்கைக் கணிக்கலாம் என்று 1972-இல் கிறிஸ்டர்சன் காட்டினார். 1975-இல் யூலும் ஃப்ராஸ்டும் நுரையீரலின் கூறுகளை எண்ணியே கணிக்கும்படி அதை இன்னும் எளிதாக்கினார்கள். நுரையீரலில் வலப்புறம் 10, இடப்புறம் 9, ஆக 19 கூறுகள். முதல் நொடியில் 2 லிட்டர் காற்றை ஊதி வெளியேற்றுபவரிடம் வலது கீழ் மடலின் 5 கூறுகளை எடுத்தால், 19-இல் 14 பங்கு, அதாவது சுமார் 1.5 லிட்டர் எஞ்சும்.

எல்லாக் கூறுகளும் சமமா என்று கேட்டால், இல்லை. கட்டி அடைத்துவிட்ட மடல் ஏற்கெனவே வேலை செய்வதில்லை. அதை எடுப்பதால் இழப்பு குறைவு. காற்றறைகள் சிதைந்து ஊதிப்போன மேல்மடலை எடுத்தபின் சிலருக்கு மூச்சு மேம்படுவதும் உண்டு. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: கணக்கு சொல்வது சில மாதங்களுக்குப் பிந்தைய நிலையை, சிக்கல்கள் வருவதோ முதல் சில நாட்களில், மூச்சு அந்தக் கணிப்புக்கும் கீழே கிடக்கும்போது. இவை அத்தனையும் உண்மை. ஆனாலும் இவை கணக்கைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, அதைத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது என்றே சொல்கின்றன. 2013-இல் வந்த அமெரிக்க மார்பு மருத்துவர்களின் வழிகாட்டுதலும் இந்த வழியில்தான் போகிறது. முதல் நொடி மூச்சு, வாயுப் பரிமாற்றத் திறன் இரண்டும் இயல்பில் 60 சதவீதத்துக்கு மேல் எஞ்சுமென்றால் வேறு சோதனை வேண்டாம். குறைந்தால் நடை அல்லது படியேற்றச் சோதனை. ஏதேனும் ஒன்று 30-க்கும் கீழே போனால் ஆக்சிஜன் பயன்பாட்டை அளக்கும் உடற்பயிற்சிச் சோதனை. எண் ஒன்றை மட்டும் காட்டி உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை மறுக்கப்பட்டால், இந்தச் சோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள்.