சுளகும் அடுப்பும் - பாவூர்சத்திரத்துப் பெண்களின் இரண்டு வேலைகள்

திருநெல்வேலியில் இருந்து தென்காசி போகும் பேருந்தில் ஆலங்குளம் தாண்டினால் அடுத்த பெரிய ஊர் பாவூர்சத்திரம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் காய்கறிச் சந்தையால் தெரியும். கேரளத்துக்குப் போகும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இங்கே இருந்துதான் லாரி ஏறுகின்றன. சந்தையில் சத்தம் போடுவது, மூட்டை தூக்குவது, விலை பேசுவது எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் எங்கே என்று தேட வேண்டாம். கீழப்பாவூர் பக்கமோ சுற்றியுள்ள கிராமங்களுக்குள்ளோ நுழைந்தால் திண்ணையிலும் வாசல்படியிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுளகில் பீடி இலை, தூள், நூல், கத்தரி.

"என்ன வேலை பாக்கீங்க?" என்று அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "சும்மாதான் இருக்கேன், பீடி சுத்துதேன்."

ஒரே வாக்கியத்தில் "சும்மா"வும் இருக்கிறது, "சுத்துதேன்"னும் இருக்கிறது! ஒரு நாளைக்கு எழுநூறு, ஆயிரம் பீடி சுற்றுகிற ஒருத்தி எப்படி "சும்மா இருக்கிறவள்" ஆனாள்? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பீடி வருவதற்கு முன்னால் இந்தச் சீமையில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது பனைமரம். பனைத்தொழிலைப் புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்துதான் செய்ய முடியும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் ஆண் விடியும் முன்பே மரம் ஏறுவான். மறுபடி சாயங்காலமும் ஏறிப் பாளை சீவ வேண்டும். புளித்துக் கள்ளாகி விடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவான். அவன் இறக்கிக்கொண்டு வருகிற பதனீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். காய்ச்சுவது பெண்ணின் வேலை. விடிலி என்று சொல்லப்படும் ஓலைக்குடிசைக்குள் அடுப்புப் புகையில் பல மணி நேரம் நின்று கிண்ட வேண்டும். பாகு பதம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுக்க வீண். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

அவன் ஏறாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை, அவள் காய்ச்சாவிட்டால் அவன் ஏறியதில் பயன் இல்லை. இதை வைத்து அந்தக் காலத்தில் வீட்டில் சமத்துவம் பொங்கி வழிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கருப்பட்டிப் பாகு கிண்டியவள்தான் சோறும் பொங்கினாள், தண்ணீரும் சுமந்தாள், பிள்ளையையும் பார்த்தாள். ஆனால் ஒன்று உண்டு. அவள் செய்வது வேலை என்பதில் புருஷனுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. மரத்தில் இருந்து இறங்கியதும் அவன் கண் முன்னாலேயே அது நடந்தது.

பனைத்தொழில் தேயத் தேய ஆண்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சென்னை, மும்பை, கேரளம் என்று போய் மளிகைக் கடைகளில் நின்றார்கள், சிலர் சொந்தக் கடையும் போட்டார்கள் (சென்னைக்காரர்களுக்கு "அண்ணாச்சி கடை" என்றால் தெரியும்). ஊரில் மிஞ்சிய பெண்களின் கைக்கு வந்தது பீடி. விந்தை என்னவென்றால், பீடிக்கு வேண்டிய முக்கியமான எதுவும் இந்த மண்ணில் விளைவதில்லை. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து வருகிறது. தூள் பெரும்பாலும் குஜராத்தில் இருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பக்கமிருந்தும் வருகிறது. இவ்வளவு தூரம் கடந்து அவை இங்கே வருவதற்கு ஒரே காரணம் மலிவாகக் கிடைத்த விரல்கள். தாமிரபரணிக் கரையில் முக்கூடலின் சொக்கலால் ராம்சேட் பீடி, திருநெல்வேலியின் சையது பீடி என்று பெரிய பெயர்கள் எழுந்தன. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், சுரண்டை வட்டாரமெங்கும் கம்பெனிக் கடைகள் திறந்தன.

பீடி சுற்றுவது பிறவியிலேயே பெண்களின் வேலை என்று நினைக்கிறவர்கள் மலையைத் தாண்டி மேற்கே பார்க்க வேண்டும். மலபாரில், கண்ணூர்ப் பக்கம், பீடி சுற்றியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே கை ஓட்டுவார்கள். அங்கே இருந்து பலமான சங்கங்கள் பிறந்தன. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. பட்டறைக்கு உரிமம், வேலை நேரம், விடுமுறை, பிரசவ காலப் பலன் என்று பல விதிகள். 1968-ல் கேரளத்தில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் அங்கிருந்த தன் கிளைகளை மூடிவிட்டது. வேலை இழந்த ஆயிரக்கணக்கானோருக்காக 1969-ல் உருவானதுதான் தினேஷ் பீடி கூட்டுறவு.

எல்லா ஊரிலும் தினேஷ் உருவாகவில்லை. பட்டறை நடத்தினால் செலவு, ஆய்வாளர் வருவார், சங்கம் வரும். இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்துப் பீடியாகத் திருப்பி வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை குறைவு. கூரை அவளுடையது, விளக்கு அவளுடையது, சுளகும் கத்தரியும் அவளுடையது. ஏற்கெனவே இருந்த இந்த முறை நாட்டின் பல பகுதிகளில் இன்னும் பரவியது, நெல்லைச் சீமையில் ஆழமாக வேரூன்றியது.

கவனியுங்கள், வேலை ஒன்றுதான். அதே இலை, அதே தூள். கொட்டகையில் நடந்தபோது அது ஆணின் உத்தியோகம். வாசல்படிக்கு வந்ததும் அது பெண்ணின் "பொழுதுபோக்கு" ஆகிவிட்டது.

அந்தப் பொழுதுபோக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். இலையை முதல் நாள் இரவே நனைத்து வைக்க வேண்டும். காலையில் எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இலை வெட்ட உட்கார வேண்டும். தகர அச்சை வைத்து ஒவ்வொன்றாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்ட வேண்டும். நடுவில் மதியச் சோறு, தொட்டிலில் அழும் பிள்ளை, துணி, பாத்திரம். பிறகு மறுபடி சுளகு. இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிக் கடைக்குக் கொண்டு போனால் அங்கே கணக்குப் பார்க்கிறவர் பெரும்பாலும் ஓர் ஆண். பிடிக்காத பீடியைக் கழித்துப் போடுவார். கழித்தால் கழித்ததுதான், கூலி கிடையாது. இலை மட்டமாக இருந்து கணக்குக் குறைந்தாலும் தன் காசில் இலை வாங்கிச் சமாளிக்க வேண்டியவள் அவளே. இதில் முதுகுவலியும் தூள் நெடியால் வரும் இருமலும் கணக்கில் வராதவை.

வீட்டில் இருக்கும் புருஷன் என்ன செய்வார்? நல்ல மனிதராக இருந்தால் இலைக் கட்டை சைக்கிளிலோ டி.வி.எஸ். வண்டியிலோ வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். நுனி மடக்கிக் கொடுப்பது பெரும்பாலும் பெண்பிள்ளைகளும் வயதான மாமியாரும். சிறு பையன்களும் கொஞ்ச நாள் மடக்குவார்கள். மீசை அரும்பும் முன்பே எழுந்து விளையாடப் போய்விடுவார்கள், யாரும் கூப்பிடுவதும் இல்லை. பெண்ணைக் கூப்பிடாமல் விட்டதாகக் கேள்விப்பட்டதுண்டா?

பெண் பார்க்க வந்த இடத்தில் "பொண்ணுக்குப் பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தது. சொந்தப் பெயரில் கம்பெனி பாஸ் புத்தகம் இருந்தால் இன்னும் விசேஷம். அதாவது அவள் சம்பாதிப்பாள் என்பது மாப்பிள்ளை வீட்டுக்கு நன்றாகவே தெரியும், வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அதே பெண் மருமகளாக வந்தபின் "வீட்டுல சும்மாதான இருக்கா, இதையும் பாக்கட்டும்" என்று மாட்டுத் தொழுவமும் அவள் தலையில் விழும். இரட்டைக் கணக்கு என்பது இதுதான்.

அரசும் நீதிமன்றமும் இந்தக் குடும்பங்களை விடச் சீக்கிரமாக விழித்துக்கொண்டன என்றால் நம்பக் கடினம். 1966 சட்டத்திலேயே வீட்டில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளர் என்ற விளக்கத்துக்குள் வந்துவிட்டார். கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. அடுத்த சண்டை வருங்கால வைப்பு நிதிக்காக. வீட்டில் தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்து சுற்றுகிறவரை யார் மேற்பார்வை செய்கிறார்கள், அவர் எப்படி எங்கள் ஊழியர் ஆவார் என்பது முதலாளிகளின் வாதம். 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பீடியைக் கழித்துப் போடும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. எந்தக் கழிவு அவள் வயிற்றில் அடித்ததோ அதுவே அவளைத் தொழிலாளி என்று நிரூபித்தது! (1966 சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கலந்துவிட்டது.)

இதே கதையை ஆந்திரத்தின் நரசாபூரில் சரிகைப் பின்னல் பின்னும் பெண்களிடம் கண்டு எழுதினார் ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ். 1982-ல் வந்த அவருடைய புத்தகம் சொல்வது: உலகச் சந்தைக்குப் பொருள் செய்கிற அந்தப் பெண்களை வெறும் இல்லத்தரசிகள் என்று எல்லோரும் நம்புகிறார்கள், அப்படி நம்புவதால்தான் கூலி அவ்வளவு குறைவாக இருக்க முடிகிறது. நரசாபூர் என்பதை அழித்துவிட்டுக் கீழப்பாவூர் என்று எழுதினாலும் பொருந்தும்.

வேலையின் இடம் மாறினால் மதிப்பு மாறும் என்பதற்குத் தென்காசிப் பக்கத்திலேயே எதிர்த்திசை உதாரணமும் உண்டு. குற்றாலத்துக்குச் சாரலில் குளிக்க வருகிறவர்கள் பிரானூர் பார்டர் கடைப் புரோட்டாவை விடுவதில்லை. கல்லின் முன்னால் நிற்கும் மாஸ்டர் ஆண். நெல்லைக் கல்யாண வீடுகளில் ஐந்நூறு பேருக்குச் சொதியும் அவியலும் ஆக்குகிற தவசுப்பிள்ளை ஆண். அல்வா கிண்டுகிறவரும் ஆண். ஆணுக்குச் சமையல் வராது என்ற பேச்சு இந்த மாவட்டத்தில் எடுபடக் கூடாது. கூலி உள்ள அடுப்பில் அவர் நிற்பார், கூலி இல்லாத அடுப்பில் நிற்க மாட்டார், அவ்வளவுதான் விஷயம்.

கூலி இல்லாத அடுப்புக்கும் விலை உண்டா என்று நீதிமன்றங்கள் யோசிக்கத் தொடங்கியது சமீபத்தில்தான். விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கு இழப்பீடு கணக்கிடும் வழக்கில் 2009-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் வீட்டு வேலையின் மதிப்பை விரிவாக எழுதினார். 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்காட்டியது. 2001 மக்கள்தொகைக் கணக்கு சுமார் 36 கோடி பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து "வேலை செய்யாதோர்" பட்டியலில் போட்டதையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வெளிநாட்டில் உழைத்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. அவர் நிம்மதியாக வெளியே சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான், எனவே அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. கடைக்கும் வளைகுடாவுக்கும் ஆண்களை அனுப்பிவிட்டு இருக்கிற தென்காசிக் குடும்பங்கள் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய தீர்ப்பு! அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததில் கொஞ்சம் வரலாறு இருக்கிறது.

ஆனால் ஆயிரம் ரூபாய் பாத்திரம் கழுவாது. நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019-ல் கூலியில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம், அப்படி வேலை செய்த ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று மகிழ்வதற்குள் ஆணும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார். அதிலும் இந்த 88 நிமிடம் ஏதோ ஒரு வீட்டு வேலையாவது செய்த ஆண்களின் சராசரிதான். அப்படிச் செய்தவர்களே நூற்றுக்கு இருபத்தேழு பேர்.

இன்று பாவூர்சத்திரம் பக்கம் சுளகோடு உட்கார்ந்திருப்பவர்களில் இளம்பெண்கள் குறைவு. அம்மா சுற்றிய பீடியில் படித்த மகள்கள் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள், சுளகைத் தொட மாட்டோம் என்கிறார்கள். அம்மாக்களும் தொட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். மகன்கள் சென்னையிலும் துபாயிலும் அறை எடுத்து நாலு பேராகத் தங்குகிறார்கள். அங்கே திங்கள் ஒருவன், செவ்வாய் ஒருவன் என்று முறை போட்டுச் சோறு பொங்கி, குழம்பு வைத்து, பாத்திரமும் கழுவி வைக்கிறார்கள். கொடைக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "எம்மா, தண்ணி" என்று குரல் கொடுக்கிறார்கள். அம்மா சுளகை இறக்கி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போகிறாள்.