ஊரிழந்தோரின் கழகம்: ஈஸ்ட் பெங்கால் சரித்திரமும் வன்னியின் உதைபந்தாட்டமும்

ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் அந்தஸ்தை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினாவுக்கு, அது வென்ற கிண்ணங்களின் தொகையையும் அதன் பணப்பெட்டியின் கனத்தையும் விடையாகக் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த அளவுகோலை ஒப்புக்கொண்டால் வன்னிப் பெருநிலத்தைப் பற்றிப் பேசுதற்கு விஷயமே இல்லை. இலங்கையின் முதலாவது தொழில்முறைத் தொடராக 2021 இல் ஆரம்பமான சுப்பர் லீக்கில் இடம்பெற்ற 10 கழகங்களுள் மூன்று முப்படைகளின் அணிகளாக இருக்க, கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ உரியதென ஒன்றேனும் இருக்கவில்லை. வட மாகாணத்துக்கே ஒன்றும் இருக்கவில்லை. ஆயின் அளவுகோலே பிழையானது என்பது என் துணிபு. அதை நிறுவுதற்குக் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தினும் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1920 ஜூலை 28 அன்று மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் நீக்கப்பட்டார். கிழக்கு வங்கத்தவர் என்பதனாலேயே அவர் ஒதுக்கப்பட்டார் என்ற மனத்தாங்கலுடன் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி ஜோராபகானை விட்டு வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 இல், புதிய கழகம் பிறந்தது. அன்று அது கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு பிரதேசத்தாரின் மானப் பிரச்சினை மாத்திரமே. 1947 இன் தேசப் பிரிவினை அதன் பொருளை அடியோடு மாற்றிற்று. டாக்காவிலும் பரிசாலிலும் வீடு, வயல், குளம் யாவற்றையும் விட்டு வந்து, கல்கத்தாவின் புறநகர்க் குடியேற்றங்களில் தகரக் கூரைகளின் கீழ் ஒதுங்கிய இலட்சோபலட்சம் ஜனங்களுக்கு, இழந்த ஊரின் பெயரை வாய்விட்டு உரக்கக் கூவுதற்கு எஞ்சியிருந்த இடம் ஆட்ட மைதானம் ஒன்றே. வெற்றி நாளில் அவர்கள் சமைத்துண்டது இல்லீசா மீன். கிழக்கு வங்கத்து ஆறுகளின் அந்த மீனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மைதானத்துக்கு வரும் ரசிகனை இன்றும் காணலாம். அவன் ஏந்தி நிற்பது அவனுடைய பாட்டனாரின் ஆறு.

இங்கே ஒன்றைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்ற அக்கழகத்தின் முன்வரிசையில் ஆடிய அகமது கான், அப்பா ராவ், சாலே, தனராஜ், வெங்கடேஷ் என்னும் ஐவரும் தென்னிந்தியர். 'பஞ்ச பாண்டவர்' என்று அவர்களை அழைத்துக் கொண்டாடியோர் வங்க அகதிகள். ஊரபிமானம் பிறத்தியாரை விலக்கும் குணமுடையது என்பார்க்கு இதுவே மறுமொழி. 1975 இன் கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என வென்றதும், 2003 இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கிண்ணத்தைப் பெற்றதும் பின்வந்த கீர்த்திகள்.

பணபலமோ அக்கழகத்துக்கு நிலையாக அமைந்ததே இல்லை. 2018 இல் குவெஸ், 2020 இல் ஸ்ரீ சிமெண்ட், 2022 இல் எமாமி என முதலீட்டாளர் மாறிக்கொண்டே இருந்தனர். 2021 ஜூலையில் ஒப்பந்தம் இழுபறிப்பட்டபோது ரசிகர்கள் கழகத்தின் வாசலிலேயே கூடி நிர்வாகிகளைக் கேள்வி கேட்டனர். முதலாளி வருவான், போவான். கேள்வி கேட்கும் உரிமையைத் தன்னதெனக் கருதும் ஜனத்திரள் போவதில்லை.

இனி வன்னியை நோக்குவோம். இரணைமடுவின் நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியோரும், 1977 இன் கலவரத்துக்குப்பின் மலைநாட்டிலிருந்து வந்தோரும், பூர்வீகக் குடிகளோடு சேர்ந்து ஆக்கிய பிரதேசம் இது. 2009 இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களுக்குள் அடைபட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான். திரும்பி வந்து பற்றை வெட்டிக் கிணறு இறைத்தவர்கள், சனசமூக நிலையத்துக்கு அருகே இரண்டு கம்பங்களை நட்டுக் குறுக்கே ஒரு தடியையும் கட்டி, பழைய விளையாட்டுக் கழகத்தின் பெயரையே மறுபடியும் சட்டையில் எழுதிக்கொண்டார்கள். கல்கத்தாவில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ? கல்கத்தா மாநகரம், அங்கே நுழைவுச்சீட்டு விற்றே கழகத்தை நடத்தலாம், வன்னியின் சிதறிய கிராமங்களில் அது இயலாது என்னும் ஆட்சேபம் நியாயமானதே. சம்பளம் கொடுக்கும் கழகம் இங்கே நாளையே தோன்றும் என்று நானும் சொல்லவில்லை. தோன்றுமாயின், புலம்பெயர்ந்தார் பணமோ கொழும்பின் முதலீடோ மேலிருந்து இறக்கி வைக்கும் ஒரு பெயர்ப்பலகையாக அன்றி, இக்கிராமக் கழகங்களின் கூட்டாகவே அது நிலைக்க முடியும் என்பதே என் வாதம்.

ஒரு வித்தியாசம் மாத்திரம் மனத்தை உறுத்துகின்றது. நூறாண்டுக்கு முன்னர் ஓர் ஆட்டக்காரர் நீக்கப்பட்ட தேதியை நான் மேலே எழுத முடிந்தது, அதை எவரோ குறித்து வைத்தமையால். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையுமே காப்பாற்ற முடியாமல் ஓடிய நம்மவரிடம் கழகக் கூட்டக் குறிப்பேடுகள் எத்தனை எஞ்சியிருக்கும்? அக்கழகங்களில் ஆடியவர்களுள் மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். இதை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களுடைய வீட்டு விறாந்தைகளில் சென்றமர்ந்து, பெயர்களையும் ஆண்டுகளையும் இவ்வருடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.