முதல் இன்னிங்ஸில் நழுவிய கோப்பைகள்: ரஞ்சி நாக்-அவுட்டில் தமிழ்நாடு

கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் மருங்காபுரிப் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் மைதானம். டென்னிஸ் பந்தில் தொடங்குகிறவன் கொஞ்சம் தேறினால் திருச்சிக்குப் போவான். அங்கிருந்து சென்னை லீக். இந்த வழியில் தேறி வந்தவர்களுக்கும் இடம் தரும் மாநில அணி, ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே முறை. ‘கடைசிக் கட்டத்தில் கை நடுங்குகிறது’ என்பது டீக்கடைத் தீர்ப்பு. ஸ்கோர் அட்டைகள் காட்டும் காரணம் வேறு.

தொடக்கம் பிரமாதமாகவே இருந்தது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மைசூரைச் சென்னை அணி (இன்றைய தமிழ்நாட்டு அணியின் அன்றைய பெயர்) ஒரே நாளில் வீழ்த்தியது. ஏ.ஜி. ராம்சிங் எடுத்தவை 11 விக்கெட். ஆனால் கோப்பைக்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1954-55இல் பாலு அழகண்ணன் தலைமையில் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் வென்றபோது, சென்னையின் முதல் இன்னிங்ஸ் 478. அடுத்த கோப்பை 1987-88இல், எஸ். வாசுதேவன் தலைமையில் ரயில்வேயை இன்னிங்ஸ் கணக்கில் வென்றபோது முதல் இன்னிங்ஸ் 709.

தோற்ற ஆட்டங்களை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்செனத் தெரியும்.

1972-73 இறுதியாட்டம், சேப்பாக்கம். பம்பாய்க்குத் தொடர்ந்து 15ஆவது கோப்பையைத் தந்த ஆட்டம். வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்ற இரு பெரும் சுழல்பந்தாளர்கள் நம்மிடம்; கல்யாணசுந்தரம் ஹாட்ரிக்கும் எடுத்தார். பம்பாய் 151, 113. எந்த அணியும் கேட்டு வாங்கிக்கொள்ளும் இலக்குதான். ஆனால் சுழலுக்கு இடங்கொடுத்த அதே தரையில் பத்மாகர் சிவால்கர் 16 ரன்னுக்கு 8, பிறகு 18 ரன்னுக்கு 5 விக்கெட் சாய்த்தார். தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு எல்லாம் முடிந்தது. பந்துவீச்சாளர்கள் தங்கள் பங்கைக் குறையில்லாமல் செய்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

2011-12 இறுதியாட்டம், மறுபடி சேப்பாக்கம். இம்முறை தரை செத்துக் கிடந்தது. ராஜஸ்தானின் வினீத் சக்சேனா 257 எடுத்து நின்றார்; 621க்கு எதிரே நம் 295. 2014-15 இறுதியாட்டத்தில், மும்பையில் கர்நாடகத்துக்கு எதிராக நம் முதல் இன்னிங்ஸ் 134. கருண் நாயர் 328 அடிக்க, கர்நாடகம் 762 குவித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் நாம் எடுத்த 411 ஆட்டத்தின் போக்கை மாற்றவில்லை.

2024 மார்ச்சில் மும்பையில் நடந்த அரையிறுதி இவ்வாய்வுக்கு மிக முக்கியமானது. காலை ஈரம் காயாத தரையில் டாஸ் வென்ற நம் அணித்தலைவர் சாய் கிஷோர் மட்டையை எடுத்தார். 42 ரன்னுக்குள் ஐந்து விக்கெட், மொத்தம் 146. முதலில் பந்து வீசியிருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சுலக்‌ஷண் குல்கர்னி ஆட்டத்துக்குப் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். பழியை அந்த ஒரு முடிவின் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. மும்பையை 106க்கு 7 என்று தள்ளியதில் பெரும்பங்கு சாய் கிஷோருக்கே. அந்த இன்னிங்ஸில் அவருக்கு 6 விக்கெட். அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார், கடைசி மூன்று விக்கெட்டுகள் 272 ரன் சேர்த்தன. முதல் நாள் காலையில் நூறு ரன் கூடுதலாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் ஃபீல்டரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பாமல் மட்டைக்கு அருகிலேயே நிறுத்தியிருக்கலாம்.

தரை நான்கு முறையும் வேறு. சரிவு ஒரே இடத்தில்: நம் முதல் இன்னிங்ஸில். இதன் வேர் பயிற்சிக் களத்தில் இருப்பதாகக் கருதுகிறேன். மாவட்டப் பையன் பழகுவது பெரும்பாலும் பாய் விரித்த விக்கெட்டில். பாயில் பந்து சீராக எழும்பும். விடிகாலை ஈரம், புல் என்ற தொல்லை அதில் கிடையாது. புல்தரையில் முதல் ஒரு மணி நேரம் பந்தைத் தொடாமல் விட்டுப் பழகும் வாய்ப்பு அவனுக்குத் தாமதமாகவே கிடைக்கிறது. சென்னையில் வளர்ந்தவனுக்கோ புல்தரை கிடைத்தாலும், மும்பைக் காலையின் ஸ்விங் அபூர்வம்.

2025 பிப்ரவரியில் நாகபுரியில் நடந்த காலிறுதியிலும் அதே கதைதான். விதர்பா 353. தமிழ்நாடு முதல் இன்னிங்ஸ் 225. தோல்வி 198 ரன்னில். விதர்பாவுக்காக அன்று 122 அடித்தவர், பத்தாண்டுக்கு முன் 328 அடித்த அதே கருண் நாயர்.