மலேரியாத் தடுப்பூசி

மலேரியாத் தடுப்பூசி, கொசுக்கடி வழியே புகும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணியைக் கல்லீரலிலேயே மறிக்க உடலைப் பழக்கும் மருந்து. மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்றுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முதல் தடுப்பூசியும் இதுவே.

கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் கண்டது 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில். தடுப்பூசிக்கு அடித்தளம் விழ அதன்பின் 70 ஆண்டுகள் ஆயின. கதிர்வீச்சால் நலிவுற்ற ஒட்டுண்ணிகளைச் செலுத்தினால் எலிகளுக்கு எதிர்ப்பாற்றல் வருவதை 1967இல் ரூத் நுசென்ஸ்வைக் குழுவினர் நியூயார்க்கில் காட்டினர். ஒட்டுண்ணியோ சில மரபணுக்களே கொண்ட வைரஸ் அன்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களுடன் கட்டத்துக்குக் கட்டம் உருமாறுவது. கொசு கடித்த சிறிது நேரத்தில் கல்லீரலுக்குள் பதுங்கிவிடும். தாமதத்துக்கு இதுவே முதற்காரணம். நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள் என்பதால் முதலீடு வராததும் ஒரு காரணம்.

ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத் துண்டைக் கொண்டு உருவான ஆர்டிஎஸ்,எஸ் ஊசி 2019இல் மலாவி, கானா, கென்யாவில் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. 2021 அக்டோபரில் பரிந்துரை பெற்றது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் வடிவமைத்து, புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 ஊசிக்கு 2023 அக்டோபரில் பரிந்துரை கிடைத்தது. இரண்டையும் குழந்தைக்கு ஐந்து மாத வயது முதல் நான்கு தவணை போட வேண்டும்.

புனேயில் தயாரானாலும் இந்தியாவின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் ஆர்21 இல்லை. இரு ஊசிகளும் ஆப்பிரிக்காவில் உயிர்குடிக்கும் ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணிக்கானவை. தமிழ்நாட்டில் மிகுதி வைவாக்ஸ். கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கி மீண்டும் காய்ச்சலைக் கிளப்பும் வகை.

தென்பெண்ணையின் துணையாறு ஓடும் தருமபுரி மாவட்டக் கம்பைநல்லூர் போன்ற ஊர்களில் மலேரியா ஒடுங்கியது ஊசியால் அன்று. 1953இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் டிடிடி தெளிப்பு, விரல்நுனியில் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனை, மாத்திரை ஆகியவையே இங்கு ஆயுதங்கள். கவனம் தளர்ந்ததன் விலையும் தெரிந்ததே: 1960களில் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்த நாட்டின் பாதிப்பு 1976இல் 64 லட்சமானது. இலங்கையோ, 2012க்குப் பின் உள்நாட்டுத் தொற்றே இல்லாமல், தடுப்பூசியும் இல்லாமல், 2016இல் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது.

ஆகவே இந்த ஊர்களிலிருந்து போர்வெல் லாரியோடு, மலேரியா நீடிக்கும் வடமாநிலக் காட்டுப் பகுதிகளுக்குப் போய்த் திரும்புவோர், குளிர்காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்; பரிசோதனை இலவசம். வைவாக்ஸ் எனத் தெரிந்தால், மருத்துவர் தரும் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையைக் காய்ச்சல் விட்ட பிறகும் நிறுத்தக்கூடாது.